மருந்தடித்தும் நிற்காத பூசணிச் சுருட்டல்

இலங்கை வன்னியில் உள்ள விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அரை ஏக்கரில் பூசணி, பக்கத்தில் பந்தல் போட்டுப் பாகல். காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு போட்டது, இப்போது நாற்பது நாள். நுனி இலைகள் சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுப் பிடித்துவிட்டன. பிஞ்சுகளில் கொப்புளம் கொப்புளமாக வருகிறது. மூன்று விதமான மருந்தை மாறி மாறி அடித்தும் நிற்கவில்லையாம். “பிடுங்குவதா, விடுவதா? இதிலிருந்து விதை எடுக்கலாமா? அடுத்த போகமும் இதே நிலத்தில் பூசணி போடலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சித்திரவடிவ வைரஸ் நோயைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயலில் எம்சிபிஏ என்ற களைநாசினி அடித்தார்களா? அல்லது வயலுக்கு அதை அடித்த மருந்து டாங்கியைச் சரியாகக் கழுவாமல் தோட்டத்துக்கு எடுத்தீர்களா? களைநாசினி பட்டாலும் பூசணி இலை இப்படித்தான் ஒடுங்கிச் சுருளும். ஆனால் அது காற்று வந்த பக்கத்துச் செடிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தெரியும். இலேசாகப் பட்டிருந்தால் இரண்டு மூன்று கிழமையில் புது இலைகள் நேராக வந்துவிடும். வைரஸ் அப்படியல்ல. அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி, கிழமைக்குக் கிழமை பரவும். பிடித்த கொடி தேறாது.

வைரஸ்தான் என்றால், கொடிக்குள் போனதை வெளியே எடுக்க எந்த மருந்தும் இல்லை. நீங்கள் அடித்த மூன்றும் பூச்சிக்கு அடித்தவை. அது ஏன் பலிக்கவில்லை என்பதை விளங்கிக்கொண்டால் அடுத்த போகத்தில் உங்கள் காசு மிஞ்சும்.

பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் வெள்ளரிச் சித்திரவடிவ வைரஸ், சுக்கினி மஞ்சள் சித்திரவடிவ வைரஸ், பப்பாசி வளையப்புள்ளி வைரஸ் ஆகியவற்றைக் காவுவது அழுக்கணவன். தமிழ்நாட்டில் அசுவினி என்பார்கள். சிறகு முளைத்த அழுக்கணவன் ஒரு கொடியில் வந்து இறங்கியதும் ஊசிபோன்ற வாயால் இலையை ஒரு குத்துக் குத்தி ருசி பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் பறக்கும். அந்தச் சில விநாடிக் குத்தே வைரஸை எடுக்கவும் போதும், கொடுக்கவும் போதும். மருந்து பட்டுப் பூச்சி சாக அதைவிட அதிக நேரம் எடுக்கும். அதற்குள் அது நாலு கொடியைக் குத்தி முடித்திருக்கும். சில மருந்துகள் அதை நிலைகொள்ளாமல் பறக்கவும் வைக்கும். அத்தோடு, அழுக்கணவனைத் தின்கிற பொறிவண்டும் செத்துப்போகும்.

வெண் ஈ காவும் இலைச்சுருட்டு வைரஸ்களின் கதை வேறு. வெண் ஈ பல நிமிடங்கள் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும். வைரஸ் அதன் உடம்புக்குள் சுற்றி எச்சிலுக்கு வர மேலும் பல மணி நேரம் ஆகும். அப்புறம் சாகும்வரைக்கும் அது பரப்பிக்கொண்டே திரியும். இங்கே நாற்றுப் பருவத்தில் அடிக்கும் மருந்துக்குக் கொஞ்சம் பலன் உண்டு. எதை, எவ்வளவு என்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் பாருங்கள். இந்த வைரஸ்கள் ஒரு பயிரோடு நிற்பதுமில்லை. இந்தியாவில் தக்காளியில் கண்டுபிடிக்கப்பட்ட புதுடெல்லி இலைச்சுருட்டு வைரஸ் பாகல், பீர்க்கு, சுரைக்கெல்லாம் வந்தது. 2012இல் ஸ்பெயினில், சுக்கினி என்ற பூசணி வகை போட்ட தோட்டங்களில் தலைகாட்டியது.

எது உங்களிடம் என்று பார்க்க, விடியற்காலையில் நுனி இலையைப் பிரட்டிப் பாருங்கள். சாம்பல் தட்டினாற்போல வெள்ளையாகக் கிளம்பினால் வெண் ஈ. அழுக்கணவனை வேலியில் தேடுங்கள். கிளிசரிடியாத் தளிர்க்காம்பு கறுப்பாக மொய்த்து, எறும்பு ஏறி இறங்கினால் அது அழுக்கணவன் கூட்டம். தளிர் முற்றிக் காயத் தொடங்கியதும் சிறகு முளைத்து உங்கள் பூசணிக்கு வரும். அதே வேலியில் கொவ்வைக் கொடி படர்ந்திருந்தால் அதன் இலையையும் பாருங்கள். கொவ்வையும் பூசணியின் சொந்தம்தான், இந்த நோய்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். இலை மஞ்சள் திட்டாக இருந்தால் வேரோடு எடுங்கள். கொவ்வையிலை வறைக்கு ஆசைப்படுகிறவர்கள் தோட்டத்துக்குத் தள்ளி வளர்க்கலாம்.

இனிக் கேள்விக்கு வருவோம். இருபதுக்கு ஒரு கொடி என்ற அளவில் இருந்தால் இன்றே பிடுங்குங்கள். வெயில் ஏறமுதல், பூச்சி சோம்பிக் கிடக்கும் நேரத்தில், உரப்பையை அங்கேயே விரித்துக் கொடியை அதற்குள் சுருட்டிக் கட்டுங்கள். வரம்பில் எறிந்தால் பூச்சி எழும்பிப் பக்கத்துக் கொடிக்குப் போகும். பாதிக்கு மேல் பிடித்துவிட்டதென்றால் பிடுங்கிப் பயனில்லை. பூக்க முதலே குறண்டிப்போனதை மட்டும் எடுத்துவிட்டு, காய் பிடித்தவற்றுக்குத் தண்ணீரும் பசளையும் ஒழுங்காகக் கொடுத்து, வருகிற காயை எடுங்கள். காய் சொத்தையாகத் தெரிந்தாலும் சாப்பிடலாம். செடி வைரஸ் மனிதரைப் பிடிக்காது. பாகல் பந்தலில் பக்கக்கிளை கிள்ளும்போது நல்ல கொடிகளை முதலில் முடித்து, நோய்க்கொடிக்குக் கடைசியில் போங்கள். சாறு பட்ட கையும் கத்தியும் சித்திரவடிவ வைரஸைக் காவும். சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

விதை மட்டும் எடுக்கவே வேண்டாம். சுக்கினி மஞ்சள் வைரஸ் சிறு வீதத்தில் விதையாலும் போகிறது. ஐந்நூறு விதையில் ஒன்று நோயோடு முளைத்தால் போதும், மிச்ச வேலையை அழுக்கணவன் பார்த்துக்கொள்ளும்.

நிலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். பூச்சி காவும் இந்த வைரஸ்கள் மண்ணில் தங்குவதில்லை. பழைய கொடியும், தானாக முளைத்த பூசணியும்தான் ஆபத்து. எல்லாவற்றையும் அழித்து மூன்று கிழமையாவது நிலத்தைச் சும்மா விடுங்கள். காய்க்கும் பழைய பாத்திக்குப் பக்கத்தில் புதுப் பாத்தி போடுவதுதான் நம் ஊரில் நான் அடிக்கடி காணும் பிழை.

கொடிக்கு முதல் ஒரு மாதம்தான் கண்டம். அதற்குள் நோய் வந்தால் காயே இல்லை, அதற்குப் பிறகு வந்தால் பாதி விளைச்சலாவது தேறும். அதனால் நாற்றைப் பூச்சி புகாத வலைக்குள் வளர்த்து நடுங்கள். நட்ட பிறகும் வளைத்த தடிமேல் வலை போட்டு, பெண்பூ விரியும்போது தேனீக்காகத் திறந்துவிடுங்கள். தோட்டத்தைச் சுற்றி மூன்று நான்கு வரிசை சோளம் அல்லது இறுங்கை ஒரு மாதம் முந்தியே விதையுங்கள். வருகிற அழுக்கணவன் முதலில் அதைக் குத்தும், வாயில் ஒட்டிய வைரஸ் அங்கேயே கழியும்.

அடுத்து வைக்கோல். நெல் வெட்டிய பிறகு வன்னியில் எத்தனை வயலில் அதைக் கொளுத்துகிறோம்! பளபளக்கும் நிலத்தில் இறங்க அழுக்கணவனும் வெண் ஈயும் தடுமாறும். அதற்காகத்தான் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் தாள் விரிக்கிறார்கள். கலிபோர்னியாவில் சுக்கினிப் பயிருக்குக் கோதுமை வைக்கோல் பரப்பிப் பார்த்தபோதும் பூச்சியும் நோயும் நன்றாகக் குறைந்தன. நடும் நாளிலேயே, மண் தெரியாதபடி, கொடி ஓடப்போகும் இடமெல்லாம் பரப்ப வேண்டும். கொடி மூடிய பிறகு பரப்பினால் ஈரம் காக்குமே தவிர பூச்சியைத் தடுக்காது. அடுத்த முறை பூசணிக்குக் குழி வெட்டும் நாளிலேயே இரண்டு உழவு இயந்திரப் பெட்டி வைக்கோலைக் கொண்டுவந்து வரம்பில் போட்டுவையுங்கள்.