‘குட்’ எங்கே பிழையாகிறது?

‘யெஸ்டர்டே ஐ குட் ஸ்டார்ட் த பம்ப்’ என்று நீங்கள் எழுதிய ஆங்கில வாக்கியத்தில் ‘குட்’ (could) என்ற சொல்லை ஆசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வாக்கியத்தில் ‘குட்’ பொருந்தாது. அங்கே ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ வர வேண்டும் என்பதால், ஆசிரியர் அதை அடித்தது சரியே.

கடந்த காலத்தில் பொதுவாக இருந்த திறமையைச் சொல்லவே ‘குட்’ பயன்படும். குறிப்பிட்ட ஒரு நாளில் முயன்று முடித்த ஒற்றைச் செயலுக்கு அது பொருந்தாது. பத்து வயதிலேயே நீந்தத் தெரிந்திருந்தது என்றால், ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் டென்’ என்று தாராளமாக எழுதலாம். தமிழில் இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்றே சொல்லிப் பழகியதால் இந்தக் குழப்பம் வந்திருக்கக்கூடும்.

ஐயம் வரும்போது, ‘குட்’ இருக்கும் இடத்தில் ‘மேனேஜ்ட் டு’ என்று வைத்துப் படித்துப் பாருங்கள். ‘எப்படியோ செய்து முடித்தேன்’ என்ற அந்தப் பொருளே நீங்கள் சொல்ல வந்ததாக இருந்தால், ‘குட்’டை எடுத்துவிடுங்கள்.

ஆனால் எதிர்மறையில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ‘யெஸ்டர்டே ஐ குடன்ட் ஸ்டார்ட் த பம்ப்’ என்பது முற்றிலும் சரி. ‘சீ’, ‘ஹியர்’, ‘ஸ்மெல்’ போன்ற புலனுணர்வு வினைகளும் விதிவிலக்கு என்பதால், ‘லாஸ்ட் நைட் ஐ குட் ஸ்மெல் கேஸ்’ என்று எழுதினால் பிழையாகாது.