மிஞ்சிய சோறு வீணாகாமல்

கேள்வி: மதியம் தினமும் ஒரு கப் சோறு மிஞ்சுகிறது. இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் ஒரே வாடை. என்ன செய்யலாம்? - வாசகி, மதுரை

பதில்: சூடு ஆறுமுன் மூடியதும், சாம்பார் பட்ட கரண்டி உள்ளே போனதும்தான் பெரும்பாலும் காரணம். வடித்ததுமே இரவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். மதியம் முழுக்க அடுப்படியில் கிடந்த சோறு வேண்டாம். அதில் கிருமி வளர்ந்து நஞ்சு சேர்ந்திருந்தால், திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது.

மறுநாள் காலைக்குத் தோசை: ஒரு கப் சோற்றுக்கு அரை கப் அரிசி மாவு, கால் கப் ரவை, அரை கப் புளித்த மோர். நைஸாக அரைத்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். சோறு கூடினால் மாவு பசையாகிக் கல்லில் ஒட்டும்; இன்னும் 2 ஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் எடுக்க வரும். மிஞ்சிய கூட்டைத் தண்ணீர் வற்றச் சுண்டவைத்தால், தொட்டுக்கொள்ளத் தனியாகச் சட்னி வேண்டாம்.