எட்டு மட்டும் ஏன் இத்தனை முறை?

கணினி: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: 0 முதல் 9 வரை சமவாய்ப்பு (ரேண்டம்) எண் தரும் நிரல் எழுதி, 1000 எண்கள் எடுத்தேன். 0-இல் தொடங்கி வரிசையாக 98, 112, 91, 104, 87, 109, 101, 95, 118, 85 முறை வந்தன. 8-க்கும் 9-க்கும் 33 வித்தியாசம்! நிரலில் கோளாறா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இந்தக் கணக்கை வைத்து நிரலைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் இலக்கமும் 100-ஐ ஒட்டி ஒன்பது, பத்து கூடக் குறைய வருவது இயல்பு. திட்ட விலக்கமே (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 9.5. பத்தில் அதிகமானதையும் குறைந்ததையும் பொறுக்கி எடுத்து எதிரெதிரே நிறுத்தினால் இடைவெளி பெரிதாகத்தான் தெரியும். பத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும். கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை அதற்குத்தான்.

ஒவ்வோர் எண்ணிக்கையிலிருந்தும் 100-ஐக் கழியுங்கள். மீதியை வர்க்கப்படுத்தி, 100-ஆல் வகுத்து, பத்தையும் கூட்டுங்கள். உங்களுக்கு வர்க்கங்களின் கூடுதல் 1070, ஆகவே விடை 10.70. இலக்கத்துக்கு ஒன்றாகப் பத்துப் பெட்டி என்று வையுங்கள். அதற்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது தன்போக்கில் மாறக்கூடிய பெட்டிகள், 9. ஒன்பது பெட்டி தெரிந்தால் பத்தாவது தானாகத் தெரிந்துவிடும் அல்லவா, அதனால் ஒன்று குறைவு. கை-வர்க்க அட்டவணையில் 9-க்கு நேரே 5 சதவீத எல்லை (நல்ல நிரல் நூற்றில் ஐந்து முறை மட்டுமே தாண்டும் அளவு) 16.92. உங்கள் 10.70 அதற்கு வெகுவாகக் கீழே இருக்கிறது. பழுதே இல்லாத நிரலும் பத்துக்கு மூன்று முறை இதைவிடப் பெரிய விடை தரும்.

பலர் சறுக்குவது சதவீதத்தில். எண்ணிக்கைக்குப் பதில் 9.8, 11.2 என்று போட்டால் விடை 1.07 ஆகச் சுருங்கிவிடும். எந்த ஓட்டை நிரலும் தேறிவிடும். பெட்டிக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனாலும் அட்டவணையை நம்ப முடியாது. எத்தனை எண் எடுப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். விடை பிடித்த இடத்தில் நிறுத்துவது சோதனை ஆகாது. 16.92-ஐ ஒருமுறை தாண்டிவிட்டது என்றும் பதற வேண்டாம்: நல்ல நிரலே இருபதில் ஒருமுறை தாண்டும். வேறு சீட் எண் (நிரல் கணக்கைத் தொடங்கும் எண்) கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். பழைய சீட் எண்ணையே கொடுத்தால் அதே எண்கள்தான் திரும்ப வரும்.

கேள்வி: இயங்குதளத்திடம் ஒரு பைட் சமவாய்ப்பு எண் வாங்கி, 10-ஆல் வகுத்து மீதியை எடுக்கிறேன். 1000 எண்களில் தேறுகிறது. 1 லட்சம் எடுத்தால் கை-வர்க்கம் 47! எது உண்மை?
– மென்பொருள் பணியாளர், கோவை

பதில்: 47-தான் உண்மை. ஆனால் குற்றவாளி இயங்குதளம் அல்ல, உங்கள் மீதிக் கணக்கு. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள். 256 பத்தால் சரியாக வகுபடாது. 0 முதல் 5 வரையிலான இலக்கங்களுக்கு 26 வழி, 6 முதல் 9 வரை 25 வழி. அதாவது முதல் ஆறுக்கு 10.16 சதவீதம், மற்றவற்றுக்கு 9.77. இந்தச் சாய்வு 1000 எண்களில் கை-வர்க்கத்தைச் சராசரியாக 0.37 மட்டுமே கூட்டும், கண்ணில் படாது. 1 லட்சத்தில் 36.6 கூட்டும். இயல்பான சராசரி 9-ஐச் சேர்த்தால் 46-ஐ ஒட்டி வரும். சின்னச் சாய்வைப் பிடிக்கப் பெரிய மாதிரி வேண்டும் என்பது இதனால்தான்.

தீர்வு எளிது. 250 முதல் 255 வரை வந்தால் வீசிவிட்டு வேறு பைட் வாங்குங்கள், பிறகு மீதி எடுங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று பைட் வீணாகும், அவ்வளவுதான்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு: 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னத்தை 9-ஆல் பெருக்கி முழு எண்ணாக ‘ரவுண்டு’ செய்வது. இரு முனைகளான 0-க்கும் 9-க்கும் மற்றவற்றின் பாதி வாய்ப்புதான் கிடைக்கும். 1000 எண்களிலேயே விடை 58-ஐ ஒட்டி எகிறும். 10-ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: என் நிரலில் 1 லட்சத்துக்கு ஒவ்வோர் இலக்கமும் ஏறத்தாழ 10,000, கை-வர்க்கம் 0.02. இதைவிடச் சிறப்பாக இருக்க முடியுமா?
– ஆசிரியர், மதுரை

பதில்: இவ்வளவு சிறப்பாக இருப்பதுதான் சந்தேகம். 9-க்கு நேரே கீழ்ப்பக்க 1 சதவீத எல்லை 2.09. நல்ல நிரலே நூற்றில் ஒருமுறைதான் அதற்கும் கீழே போகும். 0.02 என்றால் எண்கள் ஏதோ முறை வைத்து வருகின்றன. 0123456789 என்று திரும்பத் திரும்ப அச்சிட்டாலும் கை-வர்க்கம் பூச்சியம்தானே!

எண்ணிக்கைச் சோதனை வரிசையைப் பார்க்காது. இலக்கங்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் இரண்டிரண்டாக வெட்டி, 00 முதல் 99 வரை நூறு பெட்டிகளில் போடுங்கள். 1 லட்சம் இலக்கத்துக்கு 50,000 ஜோடி, பெட்டிக்கு 500. எல்லை 123.2. மேலே சொன்ன வரிசை இங்கே 01, 23, 45, 67, 89 என்ற ஐந்தே பெட்டிகளை நிரப்பும்; விடை 9,50,000!

ஜோடியும் போதாது என்று காட்டியது ராண்டு. ஐபிஎம் கணினிகளில் ஒரு காலத்தில் பரவலாக ஓடிய முறை: முந்தைய எண்ணை 65539-ஆல் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்து மீதியை எடுக்கும். தனித்தனி எண்ணாகப் பார்த்தால் சீராகப் பரவும். அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு கனசதுரத்துக்குள் புள்ளியாக வைத்தால் எல்லாம் வெறும் 15 தளங்களில் அடங்கிவிடும். எனவே ஜோடிக்குப் பின் மும்மைகளையும் சோதியுங்கள்.

கேள்வி: எல்லாச் சோதனையிலும் தேறினால் ஓடிபி உருவாக்கப் பயன்படுத்தலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. மெர்சென் ட்விஸ்டர் என்ற சமவாய்ப்பு எண் முறை மிகச் சீரானது. ஆனால் அது தரும் 32-பிட் எண்களில் அடுத்தடுத்து 624-ஐப் பார்த்தவர் மீதி அனைத்தையும் கணித்துவிடலாம். பைத்தான் மொழியில் ‘ரேண்டம்’ தொகுதி தருவது அதுதான். ஓடிபிக்கு அதே மொழியின் ‘சீக்ரெட்ஸ்’ தொகுதியைப் பயன்படுத்துங்கள்.