2012 ஐ10 வாங்கலாமா? விலையை விட முதல் வருடச் செலவைப் பாருங்கள்

கேள்வி: திருச்சியில் ஒரு ஹூண்டாய் ஐ10 பார்த்திருக்கிறேன். 2012 மாடல், சென்னைப் பதிவு, இரண்டாவது ஓனர், 68,000 கிமீ ஓடியிருக்கிறது. 2.10 லட்சம் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா? வருடத்துக்கு என்ன செலவாகும்?

நல்ல வண்டிதான், ஆனால் இந்த விலைக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் இதுவரை வந்ததெல்லாம் செகண்ட் ஹேண்ட் கார்கள்தான். சொந்தக்காரர்கள் வண்டி பார்க்கக் கிளம்பினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பத்து வயது தாண்டிய காருக்கு 'இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி மோசம்' என்ற பேச்சு பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி, முன்னால் வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பது. அதனால் புரோக்கர் சொல்லும் விலையோடு, வாங்கிய முதல் பன்னிரண்டு மாதத்தில் வண்டி கேட்கப்போகும் பணத்தையும் கூட்டிப் பாருங்கள். உண்மையான விலை அதுதான்.

முதல் வேலை, ஆர்சியை வாங்கி சிசி எவ்வளவு என்று பாருங்கள். அந்த வருடத்து ஐ10 இரண்டு எஞ்சினில் வந்தது. 1086 என்று இருந்தால் 1.1 லிட்டர் ஐஆர்டிஇ. 1197 என்று இருந்தால் 1.2 கப்பா. எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது கப்பாவில் டைமிங் செயின், அதாவது இரும்பு. 1.1-இல் டைமிங் பெல்ட், அதாவது ரப்பர். 'கம்மியா ஓடின வண்டி சார்' என்று சொல்வது இங்கே ஆறுதல் இல்லை. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து வெளிப் பட்டறையில் ஏழாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள்.

ஆர்சியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். 2012-இல் பதிவான வண்டிக்கு அது 2027-இல் முடிகிறது. அதற்குப் பிறகு ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி தனி. கட்டணத்தை விட, அங்கே நிறுத்தும் முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயின்டிங், லைட் வேலைகள்தான் பணத்தை இழுக்கும். எல்லாம் சேர்த்து இருபதாயிரம் என்று வையுங்கள். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 அபராதம் வேறு. விற்பவர் இதை வாயே திறக்க மாட்டார். நீங்கள்தான் பேரத்தில் எடுக்க வேண்டும்.

சென்னைப் பதிவு என்கிறீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த வண்டிக்கு மூன்று வயது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எந்தத் தெருவில் நின்றதோ தெரியாது. ஆகவே இதைக் கட்டாயம் பாருங்கள்: முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து விடுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு அடியில் சேற்றுக்கறை கோடாக நிற்கும். சீட்டைப் பின்னால் தள்ளி, கீழே தண்டவாளத்தையும் அதன் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஏசி காற்றில் வளர்ந்த காரின் சீட் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. புது சீட் கவரும் புது மேட்டும் போட்டிருந்தால் அதைத் தூக்கித் தரைக் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டி என்று தெரிந்தால் என்ன விலைக்கும் வேண்டாம். வயரிங் கோளாறு ஒவ்வொன்றாக வரும், எந்த எலக்ட்ரீஷியனாலும் முழுதாகத் தீர்க்க முடியாது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், 'ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்தையோ புகையையோ மறைக்க ஏற்கெனவே ஓடவிட்டிருக்கலாம். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மோர் திரண்டதுபோல வெளுத்து ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், அங்கேயே நிறுத்திவிடலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓட்டும்போது ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். இந்த வயதில் ஐ10-இன் சஸ்பென்ஷனில் லிங்க் ராடும் புஷ்ஷும் கட்டாயம் தட்டும். அது பெரிய குறை இல்லை, ஏழாயிரத்துக்குள் முடியும். ஏசியைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். கூலிங் காயில் ஓட்டை என்றால் பத்தாயிரம் போகும்.

68,000 கிமீ என்பதை நம்புவதற்கு ஒரே வழி சர்வீஸ் ஹிஸ்டரி. ஓனரையே ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டருக்குப் பேசி, வண்டி நம்பரை வைத்து விவரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கிமீ கணக்கை மறந்துவிட்டு, பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாற்கர சாலையில் போகாதீர்கள். நான்கு டயர் பதினான்காயிரம்.

இப்போது கூட்டுங்கள். பெல்ட் (1.1 எஞ்சின் என்றால்) 7,000, டயர் 14,000, பேட்டரி 4,500, சஸ்பென்ஷன் 7,000, எல்லா ஆயிலும் கூலன்ட்டும் மாற்றிய முழு சர்வீஸ் 5,000. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், 1000 சிசிக்கு மேல் 1500 வரை 3,416, ஜிஎஸ்டியோடு சுமார் 4,030. ஆர்சி புதுப்பிப்புக்கு அந்த இருபதாயிரம். அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. ஆக உங்கள் 2.10 உண்மையில் 2.70.

இதற்குப் பிறகு வண்டி அமைதியாகிவிடும். வருடம் 8,000 கிமீ ஓட்டுவீர்கள், ஊருக்குள் லிட்டருக்கு 14 கொடுக்கும் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 57,000. பராமரிப்புக்கு 15,000 முதல் 20,000. இன்சூரன்ஸோடு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு, ஏழாயிரத்துக்குள் வரும். பழைய கார் லாபமாக இருப்பது தேய்மானத்தில்தான். மூன்று வருடம் ஓட்டி விற்றாலும் வாங்கிய விலையிலிருந்து பெரிதாக இறங்காது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும். சர்வீஸ் விடும்போது பெட்ரோல் ஹோஸ்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தோடு சேராத ஒரு விஷயம். ஏர்பேக் இல்லாத ஐ10-ஐ 2014 ஜனவரியில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார். டவுனுக்குள் ஓட்டத்தான் என்றால் பரவாயில்லை. வாரா வாரம் சென்னைக்குக் குழந்தைகளோடு போவதாக இருந்தால், கொஞ்சம் பொறுத்து, இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டியாகத் தேடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் 1.60-இல் ஆரம்பித்து 1.75-க்குள் முடியுங்கள். 1197 சிசியாக இருந்து சர்வீஸ் ஹிஸ்டரியும் முழுதாக இருந்தால் 1.85 வரை போகலாம். உங்கள் மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்வரை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராத பாக்கியும், பேங்க் லோன் அடைமானமும் இருக்கிறதா பாருங்கள். லோன் இருந்தால் பேங்க் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். படிவம் 29, 30-இல் ஓனர் உங்கள் எதிரில் கையெழுத்துப் போடட்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆர்சியில் உங்கள் பெயர் ஏறும்வரை பத்தாயிரத்தைக் கையிலேயே வைத்திருப்பதாக முன்கூட்டியே பேசி, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.