வி.பி.என்.: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரயில் நிலைய வைஃபையில் வி.பி.என். (பிறர் படிக்க முடியாதபடி பொது இணையத்தின் ஊடே போடப்படும் தனி இணைப்பு) போட்டால் உள்ளே என்னதான் நடக்கிறது, ஐயா?

பதில்: உங்கள் கைப்பேசியும் தொலைவிலுள்ள வி.பி.என். சர்வரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, தமக்குள் மட்டும் தெரிந்த தற்காலிகச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. அதன்பின் கைப்பேசியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் அச்சாவியால் மறையாக்கம் செய்யப்பட்டு, சர்வரின் முகவரி எழுதிய வேறோர் உறைக்குள் வைத்து அனுப்பப்படுகிறது. வைஃபை நடத்துபவருக்கு அந்த உறையும், அதன் அளவும், போகும் நேரமுமே தெரியும். சர்வர் உறையைப் பிரித்து, உள்ளிருப்பதை இணையத்தில் விடுகிறது. அதற்கு அப்பால் வி.பி.என். தரும் காவல் எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இன்னும் பி.பி.டி.பி. என்ற பழைய வி.பி.என். முறைதான். தொடரலாமா?

பதில்: கூடாது. அதனுடன் வழக்கமாகப் பயன்படும் எம்.எஸ்.சாப் (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) இரண்டாம் பதிப்பை உடைக்க, டெஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒரேயொரு சாவியைத் தேடினால் போதும் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். ஐபிசெக், ஓப்பன்வி.பி.என்., வயர்கார்ட் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறுங்கள். என் தேர்வு வயர்கார்ட்: 2020இல் லினக்ஸ் 5.6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) சேர்ந்த அதன் நிரல் ஏறத்தாழ 4,000 வரிகளே என்பதால், ஒருவரே உட்கார்ந்து படித்துச் சரிபார்க்க முடியும்.

கேள்வி: நல்ல இலவச வி.பி.என். எது?

பதில்: சர்வர் வாடகையை யார் கட்டுகிறார் என்று தெரியாத எதையும் நிறுவாதீர்கள்.

கேள்வி: முதல் பதிலை மறுக்கிறேன். எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ். (உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான மறையாக்கம்) ஆகிவிட்ட பிறகு வி.பி.என். வீண் செலவு.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். கடவுச்சொல்லையும் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் எச்.டி.டி.பி.எஸ். காக்கிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது டி.என்.எஸ். வினவலிலும் (தளப்பெயருக்குரிய ஐ.பி. முகவரியைக் கேட்பது), இணைப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்லும் தளப்பெயரிலும் தெரிந்துவிடுகிறது. அலுவலகக் கோப்பு சர்வரை வீட்டிலிருந்து எட்டுவதற்கோ எச்.டி.டி.பி.எஸ். மட்டும் போதாது.

கேள்வி: அதே தளப்பெயரை இப்போது வி.பி.என். நிறுவனம் பார்க்குமே?

பதில்: பார்க்கும், நம்பிக்கை வைஃபைக்காரரிடமிருந்து அந்த நிறுவனத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) ஆணையிட்டபோது, எக்ஸ்பிரஸ், நார்ட் போன்ற வி.பி.என். நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றியது இதனால்தான். அலுவலகங்கள் தம் ஊழியருக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு அவ்விதி பொருந்தாது.

கேள்வி: இலவசமாக ஏதாவது…

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: வயர்கார்ட் இணைகிறது, ஆனால் சில தளங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன.

பதில்: கூடுதல் உறைக்கும் இடம் வேண்டும், ஐ.பி.வி.4 வழியில் 60 பைட், ஐ.பி.வி.6 வழியில் 80 பைட். வழக்கமான 1,500 பைட்டிலிருந்து பெரியதான 80ஐக் கழித்தே எம்.டி.யு. (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) வழக்கமாக 1,420 என்று வைக்கப்படுகிறது. வழியில் வேறொரு சுரங்கம் (இதுபோல் பொட்டலத்தை உறைக்குள் இடும் இணைப்பு) இருந்தால் அந்த 1,420உம் அளவுக்கு மிஞ்சிவிடும். 1,280 என்று வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.