முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள்: பிளாஷ் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிளாஷ் பற்றியே இருந்தன. முகூர்த்த மாதங்களில் எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் பக்கம் முழுவதும் பிளாஷுக்கே.

குடியாத்தம் வாசகர்: ஸ்பீட்லைட் ஒன்று வாங்கி, சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தேன். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 100. பொண்ணு மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது, பின்னால் மண்டபமே தெரியவில்லை. பிளாஷே போடாமல் எடுத்திருக்கலாம் என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். உங்கள் பிளாஷில் ஒரு குறையும் இல்லை. கேமரா தலையில் வைத்து நேராக முகத்தில் அடித்திருக்கிறீர்கள், மண்டபத்து வெளிச்சம் உள்ளே வர ஷட்டர் நேரமே கொடுக்கவில்லை. இரண்டையும் சரி செய்துவிடலாம்.

முதலில் அந்த இருட்டு. பிளாஷ் வெளிச்சம் தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். பொண்ணு மாப்பிள்ளை 2 மீட்டரில் நிற்கிறார்கள், அத்தை மாமா 4 மீட்டரில் நிற்கிறார்கள் என்றால் அத்தை மாமா மேல் விழுவது அதில் கால் பங்கு. 8 மீட்டரில் இருக்கும் சுவருக்குப் போவது பதினாறில் ஒரு பங்கு. பவரைக் கூட்டினால் முகம் இன்னும் வெளுக்குமே தவிர சுவர் எழுந்து வராது.

சுவரைக் காட்ட வேண்டியது மண்டபத்து விளக்குகள். ஒவ்வொரு பிளாஷ் படத்திலும் இரண்டு படங்கள் ஒன்றாக விழுகின்றன, ஒன்று பிளாஷ் வெளிச்சத்தில், இன்னொன்று அங்கே ஏற்கெனவே எரியும் வெளிச்சத்தில். முழு பவரில் இல்லாதபோது பிளாஷ் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகவே மின்னுகிறது. அதனால் ஷட்டர் 1/200 நொடி ஆனாலும் 1/50 நொடி ஆனாலும் முகத்தில் விழும் பிளாஷ் அளவு மாறாது, மண்டபத்து வெளிச்சம் மட்டும் நாலு மடங்கு கூடும். அப்பர்ச்சரும் (லென்ஸ் திறப்பின் அளவு) ஐஎஸ்ஓவும் (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) இரண்டையும் சேர்த்து மாற்றும். அடுத்த முறை ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, அப்பர்ச்சர் எஃப் 4 என்று வைத்து, பிளாஷ் இல்லாமல் ஒன்று எடுங்கள். மண்டபம் கொஞ்சம் மங்கலாக, ஆனால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்தால் போதும். அப்புறம் பிளாஷைப் போடுங்கள். 1/15 வரை இறங்கிவிட வேண்டாம், தாலி கட்டும் கை இரண்டாகத் தெரியும்.

அடுத்தது அந்த வெளுப்பு. பிளாஷ் தலையை மேலே திருப்பி, கொஞ்சம் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாய்த்து, கூரையிலோ சுவரிலோ பட்டு வரும் வெளிச்சத்தில் எடுங்கள். உள்ளங்கை அளவு விளக்கு அப்போது ஒரு பெரிய ஜன்னல் அளவுக்கு விரிந்துவிடுகிறது, நிழல் மென்மையாகிறது, எண்ணெய் வழியும் நெற்றி மின்னுவதில்லை. நேர் மேலே மட்டும் அடித்தால் கண்குழி கறுத்துப்போகும், அதனால்தான் சாய்க்கச் சொல்கிறேன். வெளிச்சம் சுற்றி வருவதால் நிறையவே குறையும், மேலே சொன்ன ஐஎஸ்ஓ இங்கேயும் கைகொடுக்கும்.

ஆனால் அடிப்பதற்கு முன் கூரையை நிமிர்ந்து பாருங்கள். நம் ஊர் மண்டபங்களில் ரோஸ் துணி, மஞ்சள் துணி என்று மேலே கட்டியிருப்பார்கள். அதில் பட்டு வரும் வெளிச்சம் அந்த நிறத்தோடுதான் முகத்துக்கு வரும், முகத்தில் ஒரு பாதி மட்டும் ரோஸ் ஆனதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது பெரிய பாடு. கூரை ரொம்ப உயரமாகவோ தகர ஷீட்டாகவோ இருந்தால் அதை மறந்துவிட்டு, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தம்பி யாரிடமாவது கொடுத்துப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். இத்தனை மலிவாக இத்தனை நல்ல வெளிச்சம் தரும் சாமான் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

டிடிஎல் என்ற தானியங்கிப் பிளாஷ் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேமரா தானாகப் பவர் கணக்குப் போடும்போது தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் நின்றால் பவரைக் குறைத்து முகங்களை இருட்டாக்கிவிடும், அப்போது பிளாஷ் அளவை ஒரு படி கூட்டுங்கள். அடர் அரக்கு நிற ஆரணிப் பட்டு சட்டம் முழுக்க வந்தால் நேர்மாறாக நடக்கும், அங்கே குறையுங்கள். ரிசப்ஷனில் மேடையில் வரிசையாக வந்து நிற்பவர்களை ஒரே தூரத்தில் எடுக்கும்போது டிடிஎல்லே வேண்டாம், மேனுவலில் ஒரு தடவை சரி பார்த்துவிட்டால் கடைசி ஆள் வரை ஒரே மாதிரி வரும்.

ஆற்காடு வாசகர்: பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் கீழ்ப்பாதி கறுப்புப் பட்டையாக இருக்கிறது. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. ஷட்டரை 1/500-லோ அதற்கு மேலோ வைத்திருப்பீர்கள். உங்கள் கேமரா ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு, ஒன்று திறக்கும், இன்னொன்று பின்னாலேயே வந்து மூடும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் முதல் திரை முழுக்கத் திறந்து முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், சென்சார் மேல் ஒரு கீற்று மட்டுமே திறந்தபடி நகரும். பிளாஷ் மின்னும் நொடியில் மூடியிருந்த பாகம்தான் அந்தப் பட்டை. பெரும்பாலான கேமராக்களில் இந்த எல்லை 1/200 அல்லது 1/250, கையேட்டில் சிங்க் ஸ்பீட் என்று போட்டிருக்கும். அதற்குள் இருங்கள். ஹை ஸ்பீட் சிங்க் வசதி இருந்தால் தாண்டலாம், பிளாஷ் விட்டு விட்டு மிக வேகமாகத் துடித்துச் சமாளிக்கும், ஆனால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும்.

திருப்பத்தூர் வாசகர்: மத்தியான வெயிலில் குரூப் போட்டோ எடுக்கும்போதும் பிளாஷ் போடச் சொல்கிறார்களே, எதற்கு?

நம் மாவட்டங்களில் சித்திரை வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. உச்சி வெயிலில் கண்குழியும் மூக்கின் கீழும் கறுப்பாக விழும், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். வெயில் அவர்கள் முதுகில் படும்படி திருப்பி நிறுத்தி, முகத்துக்குக் கொஞ்சமாகப் பிளாஷ் கொடுத்தால் கண்கள் உயிரோடு வரும்.

ஆனால் கணக்கு பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்ணான கைடு நம்பரை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் அது எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11 பக்கம் வரும். கைடு நம்பர் 40 உள்ள பிளாஷுக்கு அது மூன்றரை மீட்டர் சொச்சம், நிழலை லேசாக நிரப்ப மட்டும் என்றால் 5 மீட்டர் வரை தாங்கும். முப்பது பேர் குடும்பத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர நீங்கள் அதைவிடப் பின்னால் போக வேண்டியிருக்கும். அப்படியானால் பிளாஷோடு மல்லுக்கட்ட வேண்டாம், புளியமரத்து நிழலுக்கு எல்லோரையும் கூட்டிப் போங்கள்.

செய்யாறு வாசகர்: எங்கள் கிராமத்தில் பாரதக் கூத்து நடக்கப் போகிறது. இரவு முழுக்க எடுக்க ஆசை. பிளாஷ் போடலாமா?

ஆட்டம் நடக்கும்போது போடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. கட்டை வேஷம் கட்டி, தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் சுமந்துகொண்டு சுழன்று ஆடும் கலைஞரின் கண்ணில் இருட்டில் பளீரென்று அடித்தால் சில நொடிகளுக்கு அவருக்கு எதிரில் ஒன்றும் தெரியாது. கீழே பாய் விரித்து விடிய விடியப் பார்க்கும் ஜனங்களுக்கும் அது தொந்தரவு. படமும் நன்றாக வராது. அந்தக் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும், நேராக அடித்த வெளிச்சம் அதே வேகத்தில் லென்ஸுக்குத் திரும்பி வந்து வெள்ளைப் புள்ளிகளாகக் கொட்டும், வியர்வையோடு சேர்ந்த அரிதாரமும் பளபளத்து முகபாவத்தை விழுங்கிவிடும்.

களத்தில் இருக்கும் விளக்கிலேயே எடுங்கள். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது, ஐஎஸ்ஓ 3200-க்குத் தயங்காமல் போங்கள், படத்தில் புள்ளி புள்ளியாகக் குருணை வந்தால் வரட்டும். இப்போது பல இடங்களில் எல்இடி விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி நொடிக்கு நூறு தடவை மினுக்கும், ஷட்டரை மிக வேகமாக வைத்தால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் தப்பிக்கலாம்.

பிளாஷுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் வேஷம் கட்டும் இடத்துக்குப் போங்கள், கூத்து வாத்தியாரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தில் தானே அரிதாரம் இட்டுக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தை நம் பக்கத்துக் கேமராக்காரர்கள் அதிகம் எடுப்பதே இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, கம்பியில்லாமல் அதை இயக்கும் ரேடியோ டிரிக்கர் போட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து வைத்துக் குறைந்த பவரில் அடியுங்கள். ஷட்டர் 1/30 இருந்தால் அங்கே தொங்கும் குண்டு பல்பின் மஞ்சளும் படத்தில் தங்கும். பிளாஷ் வெளிச்சம் பகல் வெளிச்சத்தின் நிறம், ஏறக்குறைய 5500 கெல்வின். அது பல்பின் மஞ்சளோடு ஒட்டாமல் நீலமாகத் தெரிந்தால் பிளாஷ் முகப்பில் ஓர் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

கலைஞர் யாராவது உங்களுக்காகத் தனியாகச் சுழன்று காட்டச் சம்மதித்தால் ரியர் கர்ட்டன் சிங்க் வைத்துப் பாருங்கள். ஷட்டர் 1/8. பிளாஷ் கடைசியில் மின்னும், அதனால் உடல் கூர்மையாகவும் அது வந்த தடம் பின்னால் ஒளிக்கோடாகவும் விழும். சாதாரண முறையில் பிளாஷ் முதலிலேயே மின்னிவிடுவதால் கோடுகள் ஆளுக்கு முன்னால் போய் நிற்கும், பின்னோக்கி ஆடுவது போல இருக்கும். விடிந்ததும் துரியோதனன் வீழும் படுகளக் காட்சிக்குப் பிளாஷைப் பையில் போட்டுவிடலாம், அந்த நேரத்து வானமே போதும்.

வாலாஜா வாசகர்: அப்பா பிலிம் கேமரா காலத்தில் வைத்திருந்த பிளாஷை என் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

சோதிக்காமல் மாட்டாதீர்கள். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் டிரிக்கர் வோல்டேஜ், அதாவது கேமராவோடு தொடும் முனையில் இருக்கும் மின்னழுத்தம், 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், டிஜிட்டல் கேமராவின் உள்சுற்று எரிந்துபோகலாம். பிளாஷை சார்ஜ் ஏற்றி, அடியிலுள்ள நடு முனைக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, உங்கள் கேமராவுக்குச் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பிளாஷைப் பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் இருக்கும், பேட்டரி கழற்றிய பிறகும் தங்கும்.

வேலூர் வாசகி: பிறந்து மூன்று மாதமான என் குழந்தையைப் பிளாஷ் போட்டு எடுத்தால் கண் கெட்டுவிடும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

சாதாரணக் கேமரா பிளாஷால் குழந்தையின் பார்வை கெட்டதாக மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனாலும் பக்கத்தில் போய் நேராக முகத்தில் அடிக்காதீர்கள், குழந்தை திடுக்கிடும். ஜன்னல் ஓரத்து வெளிச்சம் பச்சைக் குழந்தைக்கு எல்லாவற்றையும்விட அழகு, இருட்டாக இருந்தால் பிளாஷைச் சுவரில் அடித்து எடுங்கள். மாமியார் சொல்வதிலும் அந்த அளவுக்கு அர்த்தம் இருக்கிறது.

இதையொட்டி ஒரு முக்கியமான விஷயம். நேர் பிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு, விழித்திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. ஏற்கெனவே எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் அடிக்கடி தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். பார்த்த கோணத்தால் மட்டும் அப்படித் தெரிவதும் உண்டு, ஆனால் கண்புரையோ ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயோ முதலில் பிடிபடுவது சில குழந்தைகளுக்கு வீட்டுப் போட்டோவில்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. உங்கள் ஊரிலேயே ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, சந்தேகம் என்றால் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

காட்பாடி வாசகர்: கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பிளாஷில் எடுத்தால் சிற்பமே தட்டையாக வருகிறது. எப்படிப் பழகுவது?

சிற்பம் தெரிவதே நிழலால்தான். கேமராவிலிருந்து நேராக அடிக்கும்போது நிழல் எல்லாம் சிற்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, யாளியின் வாயும் குதிரையின் கழுத்தும் ஒரே தளமாகிவிடும். கோயிலில் பிளாஷை விட்டுவிட்டு, காலையிலோ மாலையிலோ மண்டபத்துக்குள் வெளிச்சம் சாய்வாக நுழையும் நேரம் பார்த்துப் போங்கள், கோயில்காரர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பழகுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்திலேயே கரிகிரி மண்பாண்டங்கள் கிடைக்கின்றன. மெருகிட்ட ஜாடி ஒன்று, மெருகில்லாத பானை ஒன்று வாங்கி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிளாஷை முதலில் கேமராவிலேயே வைத்து ஒன்று, கழற்றி 45 டிகிரியில் ஒன்று, நேர் பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்துக்கொண்டே போங்கள். பக்கவாட்டில் வரும்போது மண்பானையின் சொரசொரப்பு எழுந்து நிற்கும், அதே வெளிச்சம் மெருகு ஜாடியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டாக மட்டும் விழும். இடையில் ஒரு மல் வேட்டியைத் தொங்கவிட்டு அதன் வழியாக அடித்துப் பாருங்கள், அந்தப் பொட்டு நீண்ட மெல்லிய பட்டையாகி ஜாடியின் வளைவு முழுக்கத் தெரியும். கடைசியாகப் பிளாஷைப் பானைக்குப் பின்னால் கொண்டுபோய் விளிம்பில் மட்டும் வெளிச்சம் படும்படி வையுங்கள், லென்ஸில் நேராக அடிக்காமல் ஓர் அட்டையால் மறைத்துக்கொள்ள வேண்டும்.