ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்துக்காகப் புது போன் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? பேங்க் ஆப் ஓடுமா?

ரேம் (நினைவகம்), கேமரா எல்லாம் அப்புறம். முதலில் பூட்லோடர், அதாவது போனை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றும் சிறு மென்பொருள். அதைத் திறக்க விடாத போனில் வேறு எந்த இயங்குதளமும் ஏறாது. திறந்ததைத் திரும்பப் பூட்ட முடியுமா என்பது அதைவிட முக்கியம். இதை யாரும் விசாரிப்பதே இல்லை. கூகுளின் பிக்சல் போனில் மாற்று இயங்குதளத்தின் சாவியை (அது அசல்தானா என்று சரிபார்க்கும் டிஜிட்டல் குறியீடு) பதித்துவிட்டுப் பூட்டலாம். ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளமான கிராஃபீன்ஓஎஸ் அப்படித்தான் செய்கிறது. அதே வகையைச் சேர்ந்த லினியேஜ்ஓஎஸ் பல நிறுவனங்களின் மாடல்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அதை ஏற்றிய பின் பூட்லோடரைப் பூட்டினால், பல போன்கள் பூட் ஆகாமல் செங்கல்லாகிவிடும். திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு சிப் போட்டு விற்பார்கள். அதனால் பெயரை நம்பாமல் மாடல் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். போன் கைக்கு வந்ததும் செட்டிங்ஸில் உள்ள பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ இருக்கிறதா பாருங்கள். மங்கலாக இருந்தால் இணையத்தில் இணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மங்கல்தான் என்றால் அது பெரும்பாலும் ஏதோ நெட்வொர்க் நிறுவனம் பூட்டி விற்ற போன். திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

கிராஃபீன்ஓஎஸ் போடுவது சுலபம். கணினியில் குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் வகை பிரவுசரிலேயே முடிந்துவிடும். முதலில் போனில் இருக்கும் ஆண்ட்ராய்டை அப்டேட் செய்து, ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் செய்யுங்கள். வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்தியபடி ரீபூட் செய்தால் ஃபாஸ்ட்பூட் திரை வரும். அன்லாக், ஃபிளாஷ் (புது இயங்குதளத்தைப் போனில் எழுதுவது), லாக் என்பதுதான் வரிசை. அன்லாக்கிலும் லாக்கிலும் டேட்டா முழுக்க அழியும். நடுவில் போன் தானாகவே சில முறை ரீபூட் ஆகும், அப்போது கேபிளைத் தொடாதீர்கள். கணினி போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும், அல்லது நடுவில் யுஎஸ்பி ஹப் இருக்கும். லினக்ஸில் ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற மென்பொருள் தொகுப்பு முறைகள் வழி போட்ட பிரவுசரும் மக்கர் பண்ணும். எல்லாம் முடிந்ததும் ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

பேங்க் ஆப்களில் சில பிளே இன்டெக்ரிட்டி சோதனை (போனும் இயங்குதளமும் நம்பத்தக்கவையா என்று பார்க்கும் கூகுளின் சோதனை) வைக்கின்றன. பூட்லோடரைப் பூட்டியிருந்தாலும், கூகுள் சான்று பெறாத இயங்குதளம் அதன் கடுமையான நிலைகளில் தேறாது. அந்தச் சோதனையைக் கட்டாயமாக்காத ஆப்கள் கிராஃபீன்ஓஎஸ்ஸில் சாண்ட்பாக்ஸுக்குள் (தனி அதிகாரம் இல்லாத சாதாரண ஆப் போல அடைத்து) போடும் கூகுள் பிளே சர்வீஸஸோடு ஓடும். கூகுள் பே வழியாகப் போனைத் தட்டிப் பணம் கட்டுவது நடக்காது. உங்கள் வங்கியின் ஆப் பற்றிப் பிறர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே காசை எடுங்கள்.

பைன்போன், லிப்ரெம் 5 எல்லாம் ஆண்ட்ராய்டு இல்லாமல் அசல் லினக்ஸ் ஓடும் போன்கள். அவற்றில் ஆண்ட்ராய்டு ஆப் வேண்டுமென்றால் வேட்ராய்டு (லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் மென்பொருள்) போட வேண்டும். வாங்கும் முன், உங்கள் சிம்மில் வோல்ட்இ (4ஜி வழியே பேசும்) அழைப்பு போகுமா என்று விசாரியுங்கள். 2ஜி, 3ஜி நிறுத்தப்பட்ட இடத்தில் அது இல்லாவிட்டால் சாதாரண அழைப்பே பேச முடியாது.